பவளக்கொடி தொடாத சர்வர்

நகராட்சி சர்வரைப் பராமரித்தவள் ஒப்பந்தத் தொழிலாளி பவளக்கொடி. நிரந்தர வேலை கேட்டு அவள் வழக்குப் போட்டாள். "ஒப்பந்த ஆட்கள் சர்வரைத் தொடுவதே இல்லை" என்று கோர்ட்டில் சத்தியம் செய்தார் மேலாளர் வைத்தியலிங்கம்.

ஒருநாள் ராகுகாலம் தொடங்குமுன் முடிக்கும் அவசரத்தில், டேட்டாபேஸை நிறுத்தாமலே ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்தார் அவர். வரிக்கணக்கு இருந்த டேட்டாபேஸ் படுத்துவிட்டது. வரி கட்ட வந்தவர்கள் கத்தினார்கள். கமிஷனர் ஓடிவந்தார்.

"இவதான் ஐயா கெடுத்தா. வேலையை விட்டுத் தூக்குங்க" என்று பவளக்கொடியைக் காட்டினார் மேலாளர்.

"சரிங்க ஐயா. நான் சர்வரைத் தொட்டேன்னு இவரைக் கோர்ட்லயும் வந்து சொல்லச் சொல்லுங்க" என்றாள் அவள்.

மேலாளர் அவசரமாகக் குறுக்கிட்டார். "இல்லைங்க ஐயா, நான்தான் செஞ்சேன்."

"அப்போ நீரே சரிபண்ணும்" என்றார் கமிஷனர்.

மேலாளர் அவளிடம் குழைந்தார். "கொஞ்சம் பாரேம்மா."

"நான் தொட்டா உங்க சத்தியம் பொய்யாயிடுமே, சார்!"

ஆண்டுக்கணக்காக அவள் செய்த வேலை, கைகட்டி நின்ற அன்றுதான் அவர்கள் கண்ணில் பட்டது.