காத்தாயி ஊற்றிய குரல்

வெகு காலத்துக்கு முன்னே, மலைகளில் மாயாவிகள் குடியிருந்த காலத்தில், வெண்கரை நாட்டில் காத்தாயி என்று ஓர் உப்புக்காரி இருந்தாள். "உப்போ... உப்பு!" என்று அவள் கூவினால் தெருவே எழுந்து வரும். புருஷன் போன பிறகு அவளுக்கும் மகள் செவந்திக்கும் அந்தக் குரல்தான் சோறு போட்டது.

அந்த நாட்டு மலையில் கனந்தின்னி என்று ஒரு மாயாவி. அவன் தொட்டவருக்கு நீளம் இருக்கும், அகலம் இருக்கும், கனம் மட்டும் இருக்காது. தரையில் வரைந்த படம் போலக் கிடப்பார்கள். கண் மட்டும் இமைக்கும். உறிஞ்சிய கனத்தில் அவன் பனைமரமாய் வளர்ந்துகொண்டே போனான்.

ஒருநாள் காலையில் நாவல் பழம் பொறுக்க ஓடிய செவந்தி திரும்பி வரவில்லை. தேடிப் போன காத்தாயி அவளை மலையடிப் பாறையில் கண்டாள். கையில் பழத்தோடு, படமாகக் கிடந்தாள் பிள்ளை. காத்தாயி அவள் கன்னத்தைத் தடவினாள். விரலுக்குப் பாறைதான் தட்டுப்பட்டது.

அழுதுகொண்டே மலை ஏறினாள். மாயாவியின் முற்றம் முழுக்க ஆட்கள் படமாகக் கிடந்தார்கள். யாரையும் மிதித்துவிடாமல் ஓரமாக நடந்து போய் நின்றாள்.

"ஐயா, என் பிள்ளையைக் கொடுத்திடுங்க."

கனந்தின்னிக்கு வரம் கொடுத்த தெய்வம் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தது. கேட்டு வருகிறவருக்கு அவன் ஒரு வழி காட்டியே ஆகவேண்டும். முரசு போல உருண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக நின்ற ஒரு கல் கலத்தையும், கீழே கூராக முடிந்த ஒரு கூம்புக் கிண்ணத்தையும் எடுத்து வைத்தான்.

"ரெண்டுக்கும் வாய் ஒரே அளவு. உயரமும் ஒரே அளவு. கிண்ணத்தால் எத்தனை தடவை ஊற்றினால் கலம் நிறையும்? முதலிலேயே சொல்லிவிட்டு ஊற்ற வேண்டும். நிறைந்தால் நான் எடுத்ததெல்லாம் திரும்பிப் போகும். தப்பாகச் சொன்னால் நீயும் தரையில்தான்."

"எதை ஊத்தணும்?"

"உன் குரலை. உன்னிடம் மூன்று கிண்ணம் இருக்கிறது. பாட்டு ஒன்று, சிரிப்பு ஒன்று, பேச்சு ஒன்று."

காத்தாயி கையால் தொண்டையைப் பொத்திக்கொண்டாள். மாயாவி இரக்கப்படுகிறவன் போலக் குனிந்து மண்ணில் கோடு கிழித்தான்.

"பயப்படாதே. கலத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நீள்சதுரம். கிண்ணத்தைப் பார்த்தால் முக்கோணம். நீள்சதுரத்தில் முக்கோணம் சரிபாதி. ரெண்டு கிண்ணம் போதும், பேச்சு உனக்கே மிஞ்சும்."

கோட்டைப் பார்த்தால் பாதிதான். 'ரெண்டு' என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போது தரையில் கிடந்தவர்கள் எல்லாரும் சொல்லாதே என்பது போலப் படபடவென்று இமைத்தார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள சொல்றேன்" என்று காத்தாயி இறங்கி வந்துவிட்டாள்.

மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மூங்கில் கணுவை வெட்டினாள். பனையோலையைச் சுருட்டி, அதே வாய், அதே உயரத்துக்கு ஒரு கூம்பு செய்தாள். பாறையடியில் இறக்கி வைத்திருந்த தன் கூடையிலிருந்து உப்பை அள்ளி அள்ளிக் கொட்டினாள். ஒரு கூம்பு கொட்டினாள், நிறையவில்லை. இரண்டு கொட்டினாள், அப்போதும் நிறையவில்லை. மூன்றாவதில் மூங்கில் தலைதட்ட நிறைந்தது.

இரண்டாக இருக்கக் கூடாதா என்று பருத்த கணுவை வெட்டி, அதன் அளவுக்கு வேறு கூம்பு சுருட்டினாள். அதற்கும் மூன்று. குட்டைக் கணுவை வெட்டி, அதற்கேற்ற கூம்பு சுருட்டினாள். அதற்கும் மூன்று.

உப்பைக் கூடையில் போட்டுவிட்டு மகள்மேல் குனிந்தாள். இனிமேல் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னாள்.

"கண்ணு, ஈரத்தலையோட தூங்காதே. மழை வந்தா உப்பை உள்ள எடுத்து வை. நான் பதில் பேசலேன்னா கோபம்னு நினைச்சுக்காதே." ஒவ்வொன்றுக்கும் செவந்தி இமைத்தாள். வெயில் தாழும்வரை பேசினாள். தாலாட்டையும் ஒருதரம் முழுசாகப் பாடினாள்.

மேலே போய், "மூணு" என்றாள்.

மாயாவியின் முகம் கறுத்தது. "ரெண்டு என்று சொல்லியிருக்கலாமே?"

"கோட்டுக்குப் பாதி சரிதான். வயிறு உள்ள பாத்திரத்துக்குச் சரிவராது."

முதல் கிண்ணத்தில் பாட்டை ஊற்றினாள். இரண்டாவதில் சிரிப்பு. அதுதான் கஷ்டமாக இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது கிண்ணத்தை வாயருகே வைத்து, "செவந்தி!" என்று கூப்பிட்டாள். கலம் நிறைந்தது.

கனந்தின்னி சரிந்தான், சுருங்கினான், தரையில் ஒரு கறையாகிக் காய்ந்துபோனான். படமாகக் கிடந்தவர்கள் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கீழே பாறையிலிருந்து "அம்மா!" என்று சத்தம் கேட்டது. காத்தாயி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"ஏம்மா பேச மாட்டேங்கிற?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள் செவந்தி. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

மாயாவியை ஒழித்ததற்காக வெண்கரை ராஜா கடலோரத்தில் ஓர் உப்பளத்தைக் காத்தாயிக்கு எழுதிக்கொடுத்தான். அவள் கூவவே வேண்டியிருக்கவில்லை. மலையிலிருந்து மீண்ட குடும்பங்கள் தாங்களாகவே வந்து உப்பு வாங்கிப் போயின.

செவந்தி தூரத்தில் விளையாடினால் காத்தாயி கையைத் தட்டுவாள். திம் திம்மென்று மண் அதிர ஓடி வருவாள் மகள். தாய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். பிள்ளை வளர்ந்து பாரமாகிவிட்டாள்; கை கடுக்கும். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை இறக்கிவிட மாட்டாள்.