தேரையை அனுப்பப் பார்த்த கரடி

நாவல்குட்டைக் கரையில் சடைச்சி என்றொரு கரடி இருந்தது. அது ஒரு தேரையை வளர்த்தது.

கரடி தேரையை வளர்க்குமா என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம். பெரிய விலங்குகள் தங்களுக்குப் பிடித்த சின்ன உயிர் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளும். கடமானிடம் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. முள்ளம்பன்றி ஓர் அணிலை வளர்த்தது. ஆசையாக அணைத்துக்கொள்ள முடியவில்லையே என்பதுதான் அதற்குக் குறை.

சடைச்சிக்குத் தேரை கிடைத்தது ஒரு மழைக்கால முடிவில். யானையின் கால்தடத்தில் தேங்கிய தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. வால்கூட இன்னும் முழுதாக மறையாத தேரைக் குட்டி ஒன்று அந்தச் சேற்றில் துடித்துக்கொண்டிருந்தது. மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். சடைச்சி அதை உதட்டால் கவ்வித் தூக்கி வந்தது. தேரையின் தோல் கசக்கும். வழி நெடுக வாய் கசந்தது, கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் சடைச்சி துப்பவில்லை. குகைக்கு வந்ததும் அதற்கு மொச்சை என்று பெயர் வைத்தது. வளர்ந்து கொழுக்கட்டை அளவு ஆன பிறகும் அதன் பெயர் மொச்சைதான்.

கரடிக்குக் கரையான் என்றால் உயிர். புற்றைப் பெயர்த்து உறிஞ்சும்போது பாதிக் கரையான் வாய்க்குள் போகும், மீதி அதன் சடைமுடிக்குள் ஏறி ஊரும். மொச்சை முதுகில் உட்கார்ந்து நாக்கை நீட்டி அவற்றைப் பிடிக்கும்.

"அம்மா, காதுக்குப் பின்னால ஒண்ணு. அசையாதீங்க."

"சீக்கிரம்டா, கூசுது."

இப்படி ஒரே புற்றில் இரண்டுக்கும் வயிறு நிறைந்தது.

எல்லாம் இருந்தும் சடைச்சிக்கு ஒரு மனக்குறை. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. கடமானின் கரிச்சான் பாடினால் காடே கூடும். கரடி வாசலுக்கு யார் வருவார்கள்? நகத்தைப் பார்த்தாலே முயல்களுக்கு நடுக்கம். தப்பித் தவறி வந்தவர்களும் மொச்சையைப் பார்த்துவிட்டு, "ஓ, இதுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குரங்குகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

"கரடியம்மா, உங்க முதுகுல ஒரு கல்லு ஒட்டியிருக்கு. தட்டி விடுங்க!" என்று கிளையிலிருந்து கத்தும்.

மொச்சையும் சேர்ந்து சிரிக்கும். சடைச்சிக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

ஒரு நாள் வாலாண்டி வந்தது. வாலாண்டி ஒரு நரி. தரகு வேலைதான் அதற்குப் பிழைப்பு. யாருக்குக் குகை வேண்டும், எந்த மரத்தில் தேன் இருக்கிறது என்று எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சும்மா சொல்லாது.

"அக்கா, உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு. வேற யாருக்கும் காட்டல" என்றது நரி.

இதை அது காலையிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தது.

"என்ன தம்பி?"

"மயில் குஞ்சு. நல்ல இடத்துப் பிள்ளை. இப்பவே கொண்டை முளைச்சிருக்கு. நாளைக்குத் தோகை விரிச்சா, காடே உங்க வாசல்ல வந்து நிக்கும். எனக்கு ஒரு தேனடை குடுத்தா போதும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், கரடிக்குக் கண் மங்கல். அதற்கு மூக்குதான் கண். தோகையின் நீலமும் பச்சையும் அதற்குப் புகை மாதிரித்தான் தெரியும். ஆனால் சடைச்சியின் காதில் தோகை விழவேயில்லை. 'காடே உங்க வாசல்ல' என்பது மட்டும்தான் விழுந்தது. பாவம், அதற்கு மயில்மேல் ஆசையில்லை, வருகிற கூட்டத்தின்மேல் ஆசை.

"வச்சுப் பாருங்க. பிடிச்சா பேசிக்கலாம்" என்று குஞ்சை விட்டுவிட்டு நரி போனது.

மறுநாள் காலையிலேயே வாசலில் கூட்டம்! முயல்கள் வந்தன. குரங்குகள் கேலியை மறந்து கீழே இறங்கின. மயில் குஞ்சு நடுவில் நின்று, இன்னும் முளைக்காத தோகையை விரிப்பதாக நினைத்துக்கொண்டு பின்பக்கத்தை ஆட்டியது. எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

ஒரு புள்ளிமான் தன் குட்டியோடு வந்து தயங்கி நின்றது.

"கரடியம்மா, உள்ள வரலாமா?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் சடைச்சியிடம் கேட்டதேயில்லை. "வாங்க, வாங்க" என்று சொல்லி அது அவசரமாக ஒதுங்கி வழிவிட்டது. மான்குட்டி கரடியின் காலடியிலேயே பயமில்லாமல் படுத்துக்கொண்டது. அன்று சடைச்சி பட்ட சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆனால் சாயங்காலம் ஒரு சங்கடம் வந்தது. மயில் குஞ்சுக்குப் பசி. பசித்தால் அசைவதை எல்லாம் கொத்துவது அதன் குணம். மூலையில் மொச்சை அசைந்தது. குஞ்சு ஓடிப்போய் அதன் முதுகில் ஓங்கிக் கொத்திவிட்டது.

சடைச்சி பதறி ஓடியது. மொச்சையின் முதுகில் இரத்தம் துளிர்த்திருந்தது.

"சின்னப் பிள்ளைம்மா. தெரியாம கொத்திடுச்சு" என்றது மொச்சை.

தேனடையை வாங்க வந்த நரி இதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

"ரெண்டும் ஒரே வீட்ல ஆகாதுக்கா. மயிலுக்கு இதெல்லாம் தீனி. கசந்தா துப்பிடும்தான். ஆனா துப்புறதுக்குள்ள இதோட உசுரு போயிடும். ஒண்ணு வேணும்னா ஒண்ணை விட்டுத்தான் ஆகணும்."

"மொச்சையை எங்க தம்பி விடறது?"

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சதுப்பு இருக்கு. தண்ணி, பூச்சி, எதுக்கும் குறையில்ல. சொந்தக்காரங்களோட சந்தோஷமா இருக்கும். நானே கொண்டுபோய் விடறேன்."

"அங்க நாரை இருக்கா?"

நரி காதைச் சொறிந்தது. "நாரை இல்லாத சதுப்பு எங்கக்கா இருக்கு?"

சடைச்சி மூலையிலிருந்த மொச்சையைத் திரும்பிப் பார்த்தது. கரடியின் முதுகிலேயே வளர்ந்த மொச்சைக்கு ஒளியத் தெரியாது. நாரை வந்தால் அதனிடமும் போய், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கும். ஆனால் வாசலில் படுத்திருந்த மான்குட்டியும் நினைவுக்கு வந்தது. மயில் குஞ்சு போய்விட்டால் அதுவும் வராது.

'மொச்சைக்கும் சொந்தபந்தம் வேணும்ல? எத்தனை நாள்தான் என் முதுகுலயே இருக்கும்?' என்று நினைத்துக்கொண்டது. தப்பு செய்யப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு நல்ல காரணம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

காலையில் மொச்சையைக் கூப்பிட்டது.

"மொச்சை, நரி மாமாவோட மலைக்கு அந்தப் பக்கம் போறியாடா? அங்க உங்க ஆளுங்க எல்லாம் இருக்காங்களாம்."

"சரிம்மா" என்றது மொச்சை. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அதன் நினைப்பு. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது அனுப்பியிருக்கலாமே என்று சடைச்சிக்கு எரிச்சல்கூட வந்தது.

வாலாண்டி ஒரு தேக்கிலையோடு வந்தது. "இதுல ஏறிக்கடா. என் வாயில எல்லாம் கவ்வ முடியாது, கசப்பு" என்றது.

மொச்சை இலையின்மேல் ஏறி, சடைச்சியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தது.

"போயிட்டு வர்றேன்மா."

நரி சிரித்தது. "போறேன்னு சொல்லுடா. திரும்பி வர்ற வேலை இல்ல."

"போறேன்னு சொல்லக்கூடாது மாமா. அம்மா வருத்தப்படுவாங்க" என்றது மொச்சை. பிறகு சடைச்சியைப் பார்த்து, "எப்போ வரணும்மா?" என்று கேட்டது.

சடைச்சி வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை.

போயிட்டு வர்றேன் என்றால், போயிட்டு வா என்றுதானே பதில் சொல்ல வேண்டும்? நம் வீடுகளில் மட்டுமில்லை, அந்தக் காட்டிலும் அப்படித்தான். ஆனால் மொச்சையிடம் அதைச் சொன்னால் பொய்யாகிவிடும். 'போ' என்று மட்டும் சொல்லலாமா? வாசலில் நின்று விடைபெறும் உயிரை யார் 'போ' என்று சொல்லி அனுப்புவார்கள்? அது விரட்டுகிற வார்த்தை அல்லவா?

மொச்சை பொறுமையாகக் காத்திருந்தது. பதில் கேட்காமல் கிளம்புவது மரியாதையில்லை என்று அதற்குத் தெரியும்.

"அக்கா, வெயில் ஏறுது. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்று நரி அவசரப்படுத்தியது.

"அந்த ஒரு வார்த்தைதான் தம்பி கிடைக்க மாட்டேங்குது."

சொல்லும்போதே சடைச்சிக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய கரடி, வாசலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி தேம்பி அழுதது. மொச்சை பயந்துபோய் இலையிலிருந்து குதித்து அதன் பாதத்தின்மேல் ஏறியது.

"என்னம்மா? நான் போகலைம்மா. அழாதீங்க."

"நீ எங்கயும் போக வேணாம்டா" என்றது சடைச்சி.

மூலையில் நின்ற மயில் குஞ்சு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அது மெல்ல வந்து, "அப்போ நான்தான் போகணுமா?" என்று கேட்டது.

சடைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதுவும் ஒரு உயிர்தானே என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. அதுவரை அதைக் கூட்டம் சேர்க்கிற பொருளாகத்தான் நினைத்திருந்தது.

"கண்ணு, நீ கிளம்பினப்போ உங்கம்மா என்ன சொல்லி அனுப்பினாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அம்மா இரை தேடப் போயிருந்தாங்க. நரி மாமாதான், வா, சும்மா போயிட்டு வரலாம்னு கூட்டிட்டு வந்துச்சு. எப்போ திரும்பிப் போவோம்?"

சடைச்சி திரும்பி நரியைப் பார்த்தது. கண் மங்கல்தான். ஆனால் அந்தப் பார்வையில் வாலாண்டியின் வால் தானாகக் காலிடுக்கில் போய்ச் சேர்ந்தது. தேனடையைப் பற்றி அது பேச்சே எடுக்கவில்லை.

"சரிக்கா, நான் போயிட்டு வர்றேன்" என்று பின்வாங்கியது.

"போ" என்றது சடைச்சி.

பிறகு அது மயில் குஞ்சை மோந்து பார்த்தது. அதன் மென்மயிரில் தாயின் வாசனை இன்னும் இருந்தது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தோளில் குஞ்சும் மறு தோளில் மொச்சையுமாக மலை ஏறியது. பாதி வழியிலேயே பெண்மயில் அலறுகிற சத்தம் கேட்டது. அது தொண்டை கட்டிப்போகும்வரை பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கரடியைக் கண்டு முதலில் மிரண்டது. அதன் தோளில் பிள்ளையைப் பார்த்ததும் பயத்தை மறந்து ஓடி வந்தது. குஞ்சு இறக்கைக்குள் புகுந்துகொண்டது. தாயும் பிள்ளையும் சேர்ந்து நிற்பதைச் சடைச்சியால் சரியாகப் பார்க்க முடியவில்லை. இரண்டு வாசனையும் ஒன்றாகக் கலந்ததை முகர்ந்தது. அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் கரடி வாசலுக்கு யாரும் வரவில்லை. முயல்கள் கடமானின் வீட்டுக்குப் போயின. மான்குட்டியும் வரவில்லை. சடைச்சிக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். வெறிச்சோடிய வாசலைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது.

"அம்மா, என்னை நிஜமாவே அங்கயே விட்டுடத்தான் நினைச்சீங்களா?" என்று மொச்சை கேட்டது.

 "ஆமாண்டா" என்றது சடைச்சி. மறைக்க மனசு வரவில்லை.

 மொச்சைக்கு வலித்தது. முதுகில் பட்ட கொத்தைவிட அதிகமாகவே வலித்தது.

"ஏம்மா?"

"என்னைப் பாக்க யாருமே வர மாட்டேங்கறாங்களேன்னு இருந்துச்சுடா."

மொச்சை அதை நெடுநேரம் யோசித்தது.

"நான் எப்படிம்மா உங்களைப் பாக்க வர்றது? நான் இங்கதானே இருக்கேன்" என்றது.

சடைச்சி குனிந்து அதை முகர்ந்தது. அதன் கசப்பு வாசனை மூக்கில் ஏறியது. முகத்தை விலக்கிக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தது.

வளர்த்த உயிரை விட்டுவிட்டு வேறொன்றைக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள், அதை என்ன சொல்லி வாசலிலிருந்து அனுப்பப் போகிறோம் என்பதை முதலில் யோசித்துப் பார்க்க வேண்டும்.