ரபேல் மாமாவும் கெட்டிக் கொழுப்பும்

மணல்துறை என்ற கடற்கரை ஊரில் இன்னாசி, கஸ்பார், தொம்மை என்று மூன்று அண்ணன் தம்பிகள். வீட்டில் இருந்த ஒரே குடையை மூவரும் முறை வைத்து எடுத்துப் போவார்கள். அறிவையும் அப்படித்தான் என்று ஊரில் பேச்சு. இந்தக் கதை நடந்த ஆறு வாரமும் அது யார் கையில் இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

தங்கை பிலோமிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ரபேல் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "விருந்துக்குப் பன்னிக்கறி. அதுல மீன் நாத்தம் அடிச்சுதுன்னா எந்திரிச்சுப் போயிருவேன். மாப்பிள்ளையையும் கூட்டிட்டுத்தான் போவேன்." ஏற்கெனவே இரண்டு கல்யாணத்தில் அப்படி எழுந்து போனவர்.

இவர்கள் வீட்டுப் பன்றியோ பிறந்த நாளிலிருந்து மீன் குடல் தின்றே வளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றால் சாளை மீன் கூடை என்றே நினைப்பீர்கள். மூவரும் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

"மீன் குடல் போட்டா கொழுப்பு இளகிரும், கறி வாடையடிக்கும்" என்றார் அவர். "மரச்சீனிக் கிழங்கும் தவிடும் கொடுங்க. ஆறு வாரத்துல கொழுப்பு கெட்டியாகும். பெருவிரலால அமுக்கினா பள்ளம் விழக் கூடாது. மீன் வாடையே அது பக்கம் அண்டக் கூடாது. அது எதைத் தின்னுதோ, அதுதான் கறியில தெரியும்."

மூவரும் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

"மீன் வாடை அண்டக் கூடாதாம். கடல் இங்கதான கிடக்கு?" என்றான் தொம்மை.

"கடலை நகத்த ஆள் பத்தாது" என்றான் இன்னாசி, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு. "மூக்கை அடைப்போம்."

துணி காயப்போடும் நீலக் கிளிப்பு ஒன்றைப் பன்றியின் மூக்கில் மாட்டினார்கள். பன்றி தலையை உதறியது, கிளிப்பு விழுந்தது, பன்றி அதைத் தின்றுவிட்டது.

கஸ்பாருக்கு முகம் வெளிறியது. "அண்ணே! எதைத் தின்னுதோ அது கறியில தெரியுமே!"

"தெரியட்டும்லே. மாமா நீலச் சட்டைதான போடுதாரு" என்று இன்னாசி ஆறுதல் சொன்னான். அதன்பின் சிவப்புக் கிளிப்பை மாட்டி, அது விழாதபடி தொம்மையே கையில் பிடித்துக்கொண்டு பன்றியோடு நடந்தான்.

அடுத்த யோசனை கஸ்பாருடையது. தின்பதெல்லாம் கறியில் தெரியுமென்றால், மசாலாவை இப்போதே உள்ளே அனுப்பிவிடலாமே? பிலோமியைக் கூப்பிட்டு, கிழங்கில் மிளகும் பூண்டும் தேங்காயும் அரைத்துப் போடச் சொன்னார்கள்.

"பன்னிக்குத் தாளிக்கணுமாண்ணே?" என்றாள் அவள்.

"பின்னே, கறிவேப்பிலை இல்லாத கறியா வைக்கச் சொல்லுத?" என்றான் கஸ்பார்.

பிலோமி தலையில் அடித்துக்கொண்டு சமைத்தாள். உப்பு சரியா என்று பார்க்க வேண்டுமே? இன்னாசி ஒரு கிண்ணம் தின்று பார்த்தான். "உன் நாக்கை எப்படிண்ணே நம்புறது?" என்று கஸ்பார் இரண்டு கிண்ணம். சண்டை வராமல் தீர்ப்புச் சொல்லத் தொம்மை மூன்று. பானை காலி. பன்றிக்குத் தவிடு மட்டும் ஒரு பிடி. ஆறு வாரமும் இதே கதை.

தினமும் காலையில் மூவரும் பெருவிரலால் பன்றியை அமுக்கிப் பார்ப்பார்கள். கடைசி நாள், கல்யாணத்தன்றைக்கு, இன்னாசியின் விரல் வலித்தே விட்டது.

"பாறை மாதிரில்லா இருக்கு! கெட்டின்னா இதுதாம்லே கெட்டி!"

எட்டிப் பார்த்த பிலோமி அலறினாள். "அண்ணே, அது எலும்பு!"

பன்றி நாய்க்குட்டி அளவுக்கு வற்றியிருந்தது. அண்ணன்கள் மூவருக்கும் சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. கோயிலில் தாலி கட்டி முடிந்து, பந்தியில் ரபேல் மாமா மூக்கை உயர்த்தியபடி முதல் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் கையை வேறு பிடித்து வைத்திருந்தார், எழுந்து போக வசதியாக.

பிலோமி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அன்றைக்குப் பன்றிக்கு வைத்து, கல்யாண அவசரத்தில் அண்ணன்கள் ருசி பார்க்காமல் விட்டிருந்த கிழங்குப் பானையைத் தூக்கி வந்து அவளே பரிமாறினாள். மாமா முகர்ந்தார். ஒரு வாய். பிறகு மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தார். மூன்றாம் தட்டில்தான் அவருக்கு நினைவு வந்தது.

"நாத்தம் துளியும் இல்ல. ஆனா, கறி எங்கவே?"

"கறி வெளிய நிக்குது மாமா" என்றான் இன்னாசி பணிவாக. "நீங்க சாப்பிடுறது, அது தின்ன வேண்டியது."

மாமா தட்டைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். "நாத்தம் அடிக்கக் கூடாதுன்னுதான சொன்னேன்? அடிக்கலையே. இன்னொரு கரண்டி போடு தாயி." பிலோமி அப்போதுதான் சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

அண்ணன்கள் மூவரும் மட்டும் மாமாவையே உற்றுப் பார்த்தார்கள். கூடிக் கிசுகிசுத்தார்கள். இன்னாசி மெல்ல வந்து மாமாவின் வயிற்றில் பெருவிரலை வைத்து அமுக்கினான். நல்ல பள்ளம் விழுந்தது.

"இளகலாத்தான் இருக்கு. ஆறு வாரம் ஆகும்" என்றான்.

கஸ்பார் பன்றிக் கொட்டிலைக் கூட்டப் போனான். தொம்மை மாமாவின் மூக்கில் சிவப்புக் கிளிப்பை மாட்டிவிட்டுச் சொன்னான்:

"மாமா, இதை மட்டும் தின்னுராதீங்க."