நயினார் திரும்பாமல் நின்ற ஞாயிறு

"குருவே, என்னால திரும்பாம இருக்க முடியல."

ஆறுமுகநயினார் இப்படிச் சொன்னபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. குருவுக்கு இருபத்துமூன்று.

சீடர் தென்காசியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். குரு பூங்கோதை கோபிச்செட்டிபாளையத்துப் பெண், பல் டாக்டருக்குப் படிக்கிறவள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே, அனல்கோட்டை என்கிற ஆட்டத்தில்தான். அங்கே ஓர் ஆற்றங்கரையில் இரண்டு பேரும் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்குங்ண்ணா திரும்பறீங்க?"

"உலகு கத்துதா. திரும்புதேன்."

"திரும்பினா என்னாகுதுங்க?"

"எல்லாரும் கரிக்கட்டை ஆயிருதோம்."

குரு ஆற்றில் ஒரு கல்லை விட்டெறிந்தாள்.

உலகு என்பது உலகம்மை. நயினாரின் மனைவி. வங்கி உத்தியோகம். போன வருஷம் சேலத்துக்கு மாற்றல் போட்டுவிட்டார்கள். இவர் கடையை விட்டுப் போக முடியாது, அவள் வேலையை விட்டு வர முடியாது. போனில் பேசினால் கேஸ் வந்துச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த ஆட்டத்துக்குள் வந்தால்தான் அவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று ஒரே காரியத்தைச் செய்தார்கள். அதுதான் அவர்களுக்குக் குடும்பம்.

ஆறு பேர் சேர்ந்தது ஓர் அணி. நயினார் அதில் டேங்க். அதாவது, பெரிய கேடயத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று, மிருகத்தை வம்புக்கிழுத்து, விழுகிற அடியையெல்லாம் தானே வாங்கிக்கட்டிக்கொள்கிற ஆள். உலகம்மை ஹீலர். பின்னால் நின்று மந்திரம் போட்டு, அடிபட்டவருக்கு உயிர் ஏற்றுகிறவள். மற்ற நான்கு பேரும் கேடயத்தின் மறைவில் நின்று அம்பு விடுவார்கள்.

அந்த நான்கு பேரில் ஒருத்திதான் பூங்கோதை. அணித் தலைவியும் அவள்தான்.

எதிரி, அனல் யாளி. கோயில் தூணில் நிற்கிற யாளியைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு உயிர் வந்து, வாயில் நெருப்பும் வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். கேடயம் அதைப் பார்த்து இருக்கிறவரை நெருப்பு அதில் மோதி அணைந்துபோகும். கேடயம் திரும்பினால் பின்னால் இருக்கிறவர்கள் கதை முடிந்தது.

யாளி பாதி தளர்ந்ததும் தரையிலிருந்து குட்டிச்சாத்தான்கள் முளைக்கும். முளைத்த கையோடு ஹீலரைப் போய்க் கடிக்கும்.

உலகம்மை "ஏங்க!" என்று கத்துவாள்.

நயினார் திரும்பிவிடுவார். இருபது வருஷமாக "ஏங்க"வுக்குத் திரும்பின கழுத்து, யாளி வந்தால் மட்டும் திரும்பாமல் இருக்குமா?

"நம்ம அணியில கோவில்பட்டி ஜெயசிங் கேடயத்தைக் கேக்கறாருங்ண்ணா," என்றாள் குரு. "மத்தவங்களும் அதான் சொல்றாங்க. வர்ற ஞாயித்துக்கிழமையும் திரும்பிட்டீங்கன்னா, நான் அவருக்குக் குடுத்துத்தான் ஆகோணும்."

கேடயத்தை விட்டால் அணியில் நயினாருக்கு வேறு வேலை இல்லை. அம்பு விடச் சொன்னால் யாளியைத் தவிர மற்ற எல்லாரையும் அடிப்பார். அணியை விட்டுப் போனால் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு.

"ஒரு வழி சொல்லுங்க, தாயி."

"எந்திரிங்க," என்றாள் குரு.

*

காட்டோரம் ஒரு பன்றி மேய்ந்துகொண்டிருந்தது.

"அதை வம்புக்கிழுங்க. நான் பின்னாடி நின்னு கத்துவேன். திரும்பக் கூடாதுங்க."

நயினார் பன்றியை வைதார். பன்றி பாய்ந்து வந்து கேடயத்தில் முட்டியது.

"ஐயோ, காப்பாத்துங்க! கடிக்குது! செத்தேன்!" குரு தொண்டை கிழியக் கத்தினாள்.

நயினார் அசையவில்லை. பன்றியைக் கொன்றுவிட்டு மீசையைத் தடவினார். ஆட்டத்தில் அவருக்கு மீசை உண்டு. அசலில் கிடையாது.

"பாத்தியளா? கல்லு மாதி நின்னேன்."

"நின்னீங்க. நான் யாருங்க உங்களுக்கு?"

மீசையிலிருந்து கை இறங்கியது.

*

மறுநாள் சாயங்காலம் வங்கி விட்டதும் உலகம்மை ஆட்டத்துக்குள் வந்தாள்.

அதே காடு. வேறு பன்றி.

உலகம்மை பாதி மனசோடு, சும்மா ஒப்புக்குத்தான், "ஏங்க" என்றாள். கத்தக்கூட இல்லை.

நயினார் சட்டென்று திரும்பினார். பன்றி அவர் விலாவில் ஒரு முட்டு முட்டிவிட்டு, நேரே போய் உலகம்மையைக் கவிழ்த்துப் போட்டது.

"நல்லாத்தான் இருக்கு!" தரையில் கிடந்தபடி உலகம்மை சொன்னாள். "ஒரு பன்னியப் பிடிச்சு வைக்கத் துப்பில்ல. இவரு யாளிய மறிக்கப் போறாராம்!"

"நீ கூப்பிட்டியேன்னு திரும்புனேன்."

"கூப்பிட்டா திரும்பக் கூடாதுன்னுதானே இந்தப் பாடு!"

"அப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

குரு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் ஆகாத பெண், அவளுக்கு இதெல்லாம் புதுசு.

நயினாருக்கு ஒரு யோசனை வந்தது. "ஹெட்போனைக் கழட்டி வச்சிருதேன். கேட்டாத்தானே திரும்புவேன்?"

"செஞ்சு பாருங்க," என்றாள் குரு.

கழற்றி வைத்தார். அடுத்த பன்றி வந்தது. உலகம்மை உயிர் போகிற மாதிரி கத்தினாள். நயினார் திரும்பவே இல்லை.

பன்றிக்குத் துணையாகப் பக்கவாட்டிலிருந்து ஒரு கரடி வந்தது. "கரடி, கரடி!" என்று இரண்டு பெண்களும் கத்தினார்கள். நயினாருக்கு எங்கே கேட்கிறது? பன்றியை மும்முரமாக மறித்துக்கொண்டிருந்தார். கரடி ஓர் அறை விட்டது. மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊர் எல்லைக் கோயிலில் மூவருக்கும் திரும்ப உயிர் வந்தது. நயினார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"நின்னேன்லா?"

"நீங்க நிக்கலீங்ண்ணா," என்றாள் குரு. "அங்க ஒரு செவுரு நின்னுது."

*

அதற்கடுத்த நாள் குரு வேறு மாதிரி சொன்னாள்.

"சட்டையைக் கழட்டுங்க."

இரும்புச் சட்டையைக் கழற்றினார்.

"கேடயத்தையும் கீழ வைங்க. கத்தியையும். பன்றி முன்னாடி போய்ச் சும்மா நில்லுங்க."

"செத்துப்போவேன்."

"போங்க."

போய் நின்றார். பன்றி முட்டியது. மறுபடி முட்டியது. முட்டி முட்டிப் பன்றிக்கே அலுத்துப்போகிற அளவுக்கு முட்டியது. நயினார் விழவில்லை. அவருக்கு மிச்சமிருக்கிற உயிரைத் திரையில் காட்டுகிற உயிர்க்கோடு பாதிக்கு இறங்கும், பிறகு ஏறும். இறங்கும், ஏறும்.

பின்னால் உலகம்மை மந்திரம் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரே பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் வீங்கியிருக்க வேண்டும்.

"எப்படி விழாம நின்னீங்க?" குரு கேட்டாள்.

நயினார் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் பழக்கந்தான், குருவே. உடம்பு உரம் ஏறிட்டுல்லா."

சேலத்திலிருந்து ஒரு "க்கும்" கேட்டது.

குரு சிரித்தாள். எவ்வளவு நேரம் சிரித்தாள் என்று சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டே மறைந்துபோனாள். பழைய காலத்துக் குருமார்கள் மறைவதற்குத் தவம் செய்ய வேண்டியிருந்தது. இவளுக்கு ஒரு பொத்தான்.

"என்னத்துக்குச் சிரிக்கா?" என்று கேட்டார் நயினார்.

"அவளையே கேளுங்க," என்றாள் உலகம்மை. அவளும் மறைந்துவிட்டாள்.

வித்தை ஒன்றும் கிடைக்கவில்லையே என்று நயினார் அங்கேயே நின்றார். பன்றி வந்து இன்னொரு முட்டு முட்டியது. இந்தத் தடவை கொஞ்ச நேரத்தில் செத்துப்போனார்.

*

ஞாயிறு வந்தது.

கடையை அடைத்துவிட்டு, சாப்பிட்ட கை காயுமுன் நயினார் உட்கார்ந்தார். கோட்டை வாசலில் ஆறு பேரும் கூடினார்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்காவது பாத்துச் செய்யுங்க," என்றார் ஜெயசிங். குரலில் நக்கல் இல்லை. அதுதான் நயினாருக்கு இன்னும் உறுத்தியது.

உலகம்மை அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

குரு கதவைத் திறந்தாள்.

யாளி எழுந்து நின்றது. தலை மண்டபத்தின் கூரையைத் தொட்டது. நயினார் கேடயத்தைத் தரையில் ஊன்றி, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அதை அழைத்தார். வந்தது. நெருப்பு வந்தது. கேடயத்தில் மோதி இரண்டு பக்கமும் சிதறிப் போனது. அம்புகள் அவர் தலைக்கு மேலே பறந்தன.

யாளி பாதி தளர்ந்தது.

தரை வெடித்தது. குட்டிச்சாத்தான்கள் முளைக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

நயினார் பல்லைக் கடித்துக்கொண்டார். 'கத்துவா. இப்பக் கத்துவா. திரும்பக் கூடாது. என்ன கத்தினாலும் திரும்பக் கூடாது.'

கத்தவில்லை.

மற்றவர்கள் குரல் கேட்டது. "இந்தப் பக்கம் ரெண்டு!" என்றார் ஜெயசிங். "அக்கா மேல நாலு!" என்று வேறு யாரோ.

உலகம்மையின் குரல் மட்டும் இல்லை.

கத்தலுக்குத்தான் அவர் தயாராகி வந்திருந்தார். இதற்கு இல்லை. முதுகெல்லாம் கூசியது. விழுந்துட்டாளா? சேலத்துல கரண்ட் போச்சா? அந்த ஆட்டத்தில் ஹீலருக்கு மட்டும்தான் எல்லார் உயிரும் திரையில் தெரியும். மற்றவர்களுக்குத் தன் உயிர் மட்டும். உலகம்மை இருக்கிறாளா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் திரும்பித்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை. கண் இமைக்கிற நேரம்.

கை மவுஸில் நகர ஆரம்பித்துவிட்டது.

யாளி பாதத்தைத் தூக்கி அடித்தது. கேடயத்தையும் மீறி விழுந்த அடி. உயிர்க்கோடு நூல் மாதிரி மெலிந்தது.

பிறகு நிறைந்தது.

நயினார் அதையே பார்த்தார்.

மறுபடி அடித்தது. மெலிந்தது. நிறைந்தது.

எத்தனை ஞாயிறு இப்படி நிறைந்திருக்கும்! குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாரே மனுஷன்! உடம்பு உரம் ஏறிவிட்டதாமே, உடம்பு! அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. திரை கலங்கலாகத் தெரிந்தது.

மவுஸிலிருந்த கை நின்றது.

ஓர் அடி முன்னால் வைத்தார்.

அணியில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. யாளியும் எதிர்பார்க்கவில்லை. அது ஓர் அடி பின்னால் போனது.

"ஏல, இங்க வா!" நயினார் தென்காசியே கேட்கிற மாதிரி கத்தினார். "என்னப் பாரு! எம் மூஞ்சியப் பாரு! அங்க என்னல பார்வ?"

இன்னோர் அடி வைத்தார். நெருப்பு வந்தது. கேடயம் நெருப்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. அடி விழ விழ உயிர் நிறைந்தது. பின்னால் ஒரு பொறிகூடப் போகவில்லை. நெருப்புக்குப் பயப்பட வேண்டாம் என்றானதும் ஜெயசிங் யாளியை விட்டுவிட்டுச் சாத்தான்களைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்டது.

"எல்லாரும் யாளிய அடிங்க!" இது குருவின் குரல். "முழுசா விடுங்க!"

விட்டார்கள். நயினார் தள்ளிக்கொண்டே போனார். மண்டபத்தின் கடைசிச் சுவரில் யாளியின் முதுகு முட்டியது. போக இடமில்லாமல் அது தலையைத் தூக்கி ஓர் ஊளை இட்டது.

அப்படியே சரிந்தது.

கோட்டை முழுக்க விளக்கு எரிந்தது. வானத்திலிருந்து பொன் பூ கொட்டியது. ஆறு ஊரிலிருந்து ஆறு குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின. "அண்ணாச்சி, நீங்க சிங்கம்! கேடயம் உங்களதுதான், சொல்லிட்டேன்!" என்று ஜெயசிங் அலறினார். நயினார் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்ததில் ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டது. அவசரமாகத் திரும்பச் சொருகினார்.

"நயினாரண்ணா," என்றாள் குரு. அவள் குரல் தழுதழுத்தது. "சட்டையில்லாம நிக்கச் சொன்னேனுங்களே…"

அவளை முடிக்கவிடாமல் சேலத்துக் குரல் குறுக்கே வந்தது.

"இரும்மா. நான் ஒண்ணு கேக்கணும் இவர்ட்ட. ஏங்க!"

நயினார் இப்போது தாராளமாகத் திரும்பினார். உலகம்மை நின்றுகொண்டிருந்தாள். உடையெல்லாம் கிழிந்து, உடம்பெல்லாம் கடிபட்டு நின்றாள்.

"நாலு பேய் என்னக் கடிச்சுக் கொதறுது. கத்தினா நீங்க திரும்பிருவீங்கன்னு வாயப் பொத்திக்கிட்டு நிக்கேன். எனக்கு ஒரு மந்திரம் போட்டுக்கக்கூட நேரமில்ல. நீங்க என்னடான்னா, போயிட்டே இருக்கீங்க! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இவ இருக்காளா செத்தாளான்னு பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாக்காம எப்படித் தெரியும் உங்களுக்கு, நான் இருக்கேன்னு?"

"நான் விழாம நின்னேன்லா, உலகு."