ஏழு சட்டையும் மைமூன் அக்கா கம்பளியும்

திருப்பூர்னு ஒரு ஊர்ல, காலைல ஒம்பது மணிக்கு, ஏழு நீலச் சட்டையை மடியில வெச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருந்தா. பேரு கோகிலவாணி. ம் சொல்லு, கண்ணு.

"ம்."

அவ கடையில ஒரு ஹீட் பிரஸ் மெஷின். சட்டை மேல நம்பர் ஸ்டிக்கரை வெச்சு, சூடான தட்டை இறக்கினா, டொப்! ஒட்டிக்கும். ஏழு சட்டையும் பொண்ணுங்க கபடி டீமுக்கு. மூணு மணிக்கு ஃபைனல். முதுகுல நம்பர் இல்லைன்னா ஆட விடமாட்டாங்க. மாத்துச் சட்டையும் கிடையாது. அவங்கவங்க அம்மா வேலை பாக்கிற கம்பெனியில மிஞ்சினதைக் கேட்டு வாங்கினது. கலர் ஒண்ணுதான், துணி வேற வேற.

முதல்ல பருத்திச் சட்டை. கெட்டியா ஒட்டட்டும்னு கோகிலா அழுத்தத்தைக் கூட்டிட்டா. டொப்! திறந்து பாத்தா, நம்பரைச் சுத்தி தட்டோட விளிம்பு சதுரமா பதிஞ்சு கிடக்கு.

"ஐயோ, மைமூன் அக்கா!"

வாசல்ல இஸ்திரி வண்டி போட்டிருந்த மைமூன் அக்கா ஓடி வந்தாங்க. ஈரத்துணியை விரிச்சு, பெட்டியை லேசா காட்டினாங்க. புஸ்ஸ்ஸ்... ஆவியில சதுரம் போயே போச்சு.

"எதுக்குடி இந்த அழுத்து அழுத்தறே? சட்டையா, சப்பாத்தியா?"

அப்புறம் பாலியஸ்டர் சட்டை. அழுத்தத்தைக் குறைச்சா, சூட்டைக் குறைக்க மறந்துட்டா. டொப்! சதுரம் பளபளன்னு மின்னுது. ஆவி காட்டினாங்க. ம்ஹூம்.

"நூலே உருகிடுச்சு. இனி வராதுடி."

கோகிலாவுக்குக் கண்ணுல தண்ணி. இன்னும் அஞ்சு சட்டை இருக்கே! தூங்கிட்டியா?

"ம்... இல்ல. அப்புறம்?"

அப்போ மைமூன் அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா? வண்டி மேல விரிச்சிருந்த இஸ்திரிக் கம்பளியை உருவினாங்க. கறுக், கறுக்! நம்பரைவிடக் கொஞ்சம் பெரிசா வெட்டி, மடிச்சுக் குடுத்தாங்க.

"இதைச் சட்டைக்குள்ள வை. நம்பர் இருக்கிற இடம் மட்டும் மேல எழும்பும். தட்டு விளிம்பு துணியில படாது."

"அக்கா, உங்க பொழப்பு?"

"இன்னிக்கு வெறும் பலகையில தேய்க்கறேன். நீ சூட்டைக் குறை."

டொப். டொப். டொப். டொப். தடமே இல்ல.

கடைசியா புசுபுசுன்னு ஒரு சட்டை. உள்ள கம்பளி வெச்சும் ரோமம் படுத்துக்கிச்சு. சூடு ஆறறதுக்குள்ள ஆவி காட்டி, பிரஷ்ஷால சரக் சரக்னு தடவினாங்க. பூனைக்குட்டி மாதிரி எழுந்துக்கிச்சு.

"அந்தப் பளபளச் சட்டை?"

அதுவா? சட்டை வாங்க வந்த டீம் கேப்டன், "குடு, நான் போட்டுக்கறேன்"னா. "முதுகுல கண்ணாடி மாட்டியிருக்கேன்னு வெச்சுக்கோ." ஏழு பேரும் ஆடினாங்க. ரெண்டு பாயிண்ட்ல தோத்தாங்க.

"கேப்டன் நீதானேம்மா?"

ம்.

"சட்டை எங்க?"

நீ போட்டுட்டுப் படுத்திருக்கியே, அதுதான். முதுகைத் தடவிப் பாரு, வழவழன்னு இருக்கும்.

அப்புறம், 2019 ஆகஸ்ட் பதினொண்ணு, ஞாயித்துக்கிழமை, நாங்க ஏழு பேரும் போயி மைமூன் அக்கா வண்டியில புதுக் கம்பளி விரிச்சோம்.

கதை மடிச்சு வெச்சாச்சு, கண்ணை மூடு.