வளைவின் அடியில் நின்றவர்கள்

கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இரும்புக் கம்பியும் சிமெண்டுமாக ஆற்றின் குறுக்கே ஒரு வளைவுப் பாலம் எழுந்தது. அந்தச் சீமைக்கே அது புதுசு. மேலப்பூங்குடிக்காரர்கள், "கம்பியை நம்பிக் காலை வைக்கிறதா?" என்று சிரித்தார்கள்.

ஊர்த் தலைவரான அம்பலம் வெள்ளையப்பனால் சிரிக்க முடியவில்லை. முந்தின வெள்ளத்தில் பரிசல் ஓடவில்லை. பிரசவ வலியில் துடித்த மூத்த மகள் அக்கரை ஆஸ்பத்திரியைப் பார்க்காமலே போய்விட்டாள். இப்போது இளையவள் நிறைமாதம்; மேற்கே மழை இறங்கியாயிற்று. பாலத்தில் அனுப்பவும் பயம், அனுப்பாமலிருக்கவும் பயம். "பாலத்துக்கு அடியில முட்டுப் பிரிக்கிற அன்னைக்கு எவன் இதை நெசமா நம்புறான்னு பாக்குறேன். அவனை நம்பி என் மகளை அனுப்புறேன். கோயில் பரிவட்டமும் அவனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த நாள் வந்தது. வளைவைத் தாங்கிய மர முட்டுகளின் ஆப்புகளைக் காளியப்ப ஆசாரியும் ஆட்களும் நடுவிலிருந்து தட்டி உருவத் தொடங்கினார்கள். எஞ்சினியர் அனந்தநாராயணன் நாற்காலி போட்டு வளைவின் அடியில் அமர்ந்தார். காண்டிராக்டர் சொக்கலிங்கம் மனைவியோடு வந்து நின்றார். சிலம்ப வாத்தியார் மாயழகு கரையிலிருந்த கூட்டத்தைப் பார்த்து மீசையை முறுக்கியபடி நின்றார். கடைசி ஆப்பும் விழுந்து, முட்டுகள் வளைவை விட்டு விலகின. கொஞ்சம் தூசி உதிர்ந்தது, பாலம் நின்றது.

கொட்டுச் சத்தத்துக்கு நடுவே மூவரும் கரையேறி அம்பலத்திடம் வந்தார்கள். ஆசாரியும் ஆட்களும் கருவிகளை ஒதுக்கிவிட்டு, வளைவின் நிழலில் உட்கார்ந்து கஞ்சிக் கலயத்தைத் திறந்தார்கள்.

"கணக்குப் போட்டவன் நான். முதலில் உட்கார்ந்தவனும் நான்தான்" என்றார் எஞ்சினியர்.

"நான் சம்சாரத்தையே கூட்டியாந்து நின்னேங்க" என்றார் காண்டிராக்டர்.

"அவுகளுக்கு இது தொழிலு. எனக்கு என்ன வந்துச்சு? சும்மா வந்து உசுரைப் பணயம் வச்சேன்" என்றார் வாத்தியார்.

மூவர் சொன்னதிலும் பொய்யில்லை. புத்தியுள்ளவர்களே, யாரை நம்பி அம்பலம் தன் மகளை அனுப்பலாம்? பரிவட்டம் யாருக்கு?

விடை: மூவருக்கும் இல்லை. ஊர் பார்க்க நின்றார்கள், பார்த்து முடிந்ததும் கரையேறிவிட்டார்கள். ஆசாரியை நிற்கச் சொன்னவரும் இல்லை, கவனித்தவரும் இல்லை. முட்டெல்லாம் விலகிய பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்து நிதானமாகக் கஞ்சி குடித்தார். அம்பலம் பரிவட்டத்தோடு மணலில் இறங்கிப் போனார். "எனக்கு எதுக்குங்கய்யா இது? வெயிலா இருந்துச்சு, ஆத்துக்குள்ள வேற நெழல் ஏது?" என்றார் ஆசாரி. அம்பலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பொழுது சாயுமுன் இளைய மகளின் வண்டி பாலத்தில் ஏறியது.