பேரனுக்கு வந்த வேகம்

கோணமங்கலத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்டு நடப்பார்கள். அதனால்தான் அவர்களிடம் எதையாவது சொல்ல வெளியூர்க்காரர்களுக்கு உள்ளூர ஒரு பயம்.

அந்த ஊர் பூமிநாதனுக்கு ஒரே மகள், தனக்கொடி. புருஷனோடு மஸ்கட்டில் இருக்கிறாள். அங்கே பிறந்த பேரன் இப்போது நடக்கிறானாம். தாத்தாவோ அதில் ஓர் அடியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. கோணமங்கலத்துக்கு வரும் சிக்னல் அந்த லட்சணம். வீடியோ கால் போட்டால் பேரன் நாற்காலியைப் பிடித்தபடி நிற்பான். அப்படியே நின்றுகொண்டிருப்பான். வெகுநேரம் கழித்துப் படம் அசையும்போது பார்த்தால் கதவோரம் நிற்பான். நடுவில் என்ன நடந்தது என்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

“பய நடக்கலப்பா. யாரோ தூக்கித் தூக்கி வைக்கிறாக” என்றார் பஞ்சாயத்துத் தலைவர் உடையப்பன்.

பூமிநாதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வேகமான நெட்வொர்க் நாடெல்லாம் வந்து, பழசாகி, அதற்கும் அடுத்தது வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட பிறகு, ஒருவழியாகக் கோணமங்கலத்து டவரிலும் அதை மாட்டினார்கள். மாட்ட வந்த இன்ஜினியர் நல்ல பையன். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்.

“டவருக்கும் போனுக்கும் நடுவுல எதுவும் மறைக்காம இருந்தா நல்லதுங்க. எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா வேகம் கொஞ்சம் குறையும்.”

அவன் பக்கத்து ஊர் டவரைப் பார்க்கக் கிளம்பியதும் ஊர் கூடியது. பூமிநாதன் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் பக்கத்து வீட்டு மாயழகின் வைக்கோல்போர் இருந்தது. பிரித்து அள்ளினார்கள். போர் போனதும், அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு பெரிய இடைஞ்சல் தெரிந்தது. பூமிநாதன் வீட்டுச் சுவர்.

“சுவத்த இடிச்சா மழ உள்ள வருமே?” என்றார் உடையப்பன்.

“மழ ஐப்பசியிலதான வரும். பேரன் இன்னைக்குச் சாயங்காலமே வர்றான்” என்றான் மாயழகு.

முதல் கடப்பாரையைப் பூமிநாதனே போட்டார்.

அடுத்து, அவர் பேசும்போது மற்றவர்கள் போனை அணைத்து வைப்பது என்று முடிவானது.

“அவரு பேசி முடிச்சது நமக்கு எப்படித் தெரியும்?”

“போன் பண்ணிச் சொல்லுவாரு.”

“நம்ம போன்தான் அணைஞ்சு கெடக்குமே?”

நெடுநேரம் யோசித்தார்கள். பேசி முடியும்வரை எல்லாரும் நேரில் வந்து உட்கார்ந்திருப்பது என்று தீர்மானமானது. வந்து உட்கார்ந்த இடம், இடித்த சுவருக்கும் டவருக்கும் நடுவில். மறைக்குமே என்று யாரோ சொல்ல, ஊரே குப்புறப் படுத்தது.

கருவிப் பெட்டியை மறந்துவிட்டுப் போன இன்ஜினியர் அப்போதுதான் திரும்பி வந்தான். “ஐயய்யோ, என்னங்க ஆச்சு?” என்று பதறினான்.

“மொதல்ல தலையத் தாழ்த்துங்க தம்பி, பேரன் வர்றான்!” என்றார் உடையப்பன்.

அவனும் படுத்தான்.

போன் அடித்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பேரன் நாற்காலியை விட்டான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. பூமிநாதனுக்குக் கண் கலங்கி, பேரன் இரண்டாகத் தெரிந்தான். அதற்குள் அவன் குடுகுடுவென்று ஓடி, கால் தடுக்கி, தொப்பென்று விழுந்து வீறிட்டான்.

“அவனப் பிடிம்மா தனம்!”

“நடந்து பழகுறான்ப்பா, விழத்தான் செய்வான்” என்று சிரித்தபடி மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

பூமிநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. “நேத்து வரைக்கும் சிவனேன்னு நின்ன புள்ளப்பா. வேகம் வந்த அன்னைக்கே விழுந்துட்டான்” என்றார்.

“பச்சப் புள்ளைக்குப் போயி டவுனு வேகத்தக் குடுத்தா எப்படித் தாங்கும்?” என்றான் மாயழகு. “பேசாம வேகத்தத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுவமா?”

“எடுத்தா மறுபடி நின்னுருவானே! நடக்கணும். ஆனா விழக்கூடாது” என்றார் பூமிநாதன்.

உடையப்பன் மீசையைத் தடவினார். “பள்ளிக்கூடத்து முன்னால லாரி வேகமா வந்துச்சே, அன்னைக்கு நாம என்ன செஞ்சோம்?”

எல்லார் முகமும் மலர்ந்தது.

மறுநாள் மதியத்துக்குள் டவரைச் சுற்றி வட்டமாக ஒரு வேகத்தடை எழும்பிவிட்டது. நல்ல சிமெண்ட். மேலே வெள்ளைக்கோடு வேறு.

சாயங்காலம் ஊர் வழக்கம்போலக் குப்புறப் படுத்தது. திரையில் தனக்கொடி வந்தாள். வாயில் விரல் வைத்து, “சத்தம் போடாதீகப்பா, இப்பத்தான் தூங்குனான்” என்று கிசுகிசுத்தாள். அவளுக்குப் பின்னால் பேரன் சுருண்டு கிடந்தான். ஓர் அசைவு இல்லை.

பூமிநாதன் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

“வேலையென்னமோ நல்லாத்தான் செய்யுது. ஆனா ஒசரம் கூடிப்போச்சு. யாராச்சும் ஓடிப்போயி ஒரு வெரக்கடை கொத்தி விடுங்கப்பா, பய எந்திரிக்கட்டும்.”